பேர் வாசிக்கும் ஞாயிறு

மலாக்கா பெரிய பாசாரில் மீன் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், மூன்றாவது தூணடியில் உட்கார்ந்து சந்திரமதி மசாலா அரைப்பாள். டின்னில் அடைத்த தூளை அந்தக் காலத்தில் யார் வாங்கினார்கள்? எல்லாம் ஈர மசாலாதான். "மீனுக்கா, இறைச்சிக்கா, எத்தனை பேருக்கு?" இந்த மூன்று கேள்விதான் கேட்பாள். நீங்கள் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் மிளகாய் விழுதில் கொஞ்சம், மல்லி விழுதில் கொஞ்சம், மஞ்சளில் ஒரு விரல் என்று வழித்து இலையில் மடித்துக் கொடுத்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு பேச்சு வராது. அவள் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தப் பாசாரில் யாரும் இல்லை.

பாசாரில் அவளுக்குப் பேர் 'சயாம் சந்திரா'. அவள் சயாமுக்குப் போனதே இல்லை. போனவன் அவள் புருஷன் சுப்பையன். ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம், சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனானே, அந்தக் கூட்டத்தில் அவனும் ஒருவன். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினான் படுபாவி. அப்போது சந்திரமதிக்கு இருபத்தோரு வயது, பிள்ளை குட்டி கிடையாது.

போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும். திரும்பாதவன் செத்தான் என்று தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு நாள் அழுது, பிறகு பிழைப்பைப் பார்த்தார்கள் மற்ற வீட்டுப் பெண்கள். சந்திரமதியால் அது முடியவில்லை. ஏனென்றால் அவள் சபைக்காரி.

காஜா பேராங் சாலையில், செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்று இருந்தது. முப்பது குடும்பம் இருக்கும். பூ வைக்கக் கூடாது, நகை போடக் கூடாது, படம் பார்க்கக் கூடாது, தண்ணி போட்டவன் வாசற்படி மிதிக்கக் கூடாது. பெண்கள் சத்தமாகச் சிரித்தாலே அடுத்த வாரம் மூப்பர் வீடு தேடி வந்துவிடுவார். மூப்பர் பேர் பொன்னுதுரை. மற்றவனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைக்கிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் இருந்த வம்பே. பொய்யனாக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

சந்திரமதியை வளர்த்ததும் அந்தச் சபைதான். தோட்டத்தில் அம்மா செத்துக் கிடந்தபோது ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்து சோறு போட்டு, எழுத்துச் சொல்லிக் கொடுத்து, பதினேழு வயதில் சுப்பையனுக்குக் கட்டி வைத்தவர் பொன்னுதுரை மூப்பர். அந்த நன்றியை அவள் மறக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்ததும், மூப்பர் பெரிய பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பேராக வாசிப்பார். இருக்கிறவர் எழுந்து "இருக்கிறேன்" என்பார். செத்தவர் பேரில் கோடு விழுந்திருக்கும். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் பேரை வாசித்தால் அவருடைய மனைவி எழுந்து "காத்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கோடு போட வேண்டும் என்றால் சாவைக் கண்டவர்கள் இரண்டு பேர் வந்து சொல்ல வேண்டும். வேதத்தில் இரண்டு சாட்சி கேட்டிருக்கிறது, ஒன்றை வைத்து ஒருவனைச் சாகடிக்க மூப்பர் யார் என்பது அவர் கணக்கு. சாட்சி வரும்வரை அந்தப் பெண் அழக் கூடாது. அழுதால் கர்த்தர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும்.

முதலில் காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். மூன்று பேருக்குப் புருஷன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். நாலு பேருக்கு இரண்டு சாட்சி கிடைத்தது, அழுது முடித்தார்கள். மிச்சம் இரண்டே பேர். ஒருத்தி சந்திரமதி. இன்னொருத்தி கமலவேணி, மூப்பரின் ஒரே மகள். அவள் புருஷன் சேதுபதியும் அதே லோரியில் ஏறியவன்தான். வருஷா வருஷம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள். பேர் வாசிக்கும்போது கமலவேணி சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒருத்தி எழுந்து சொல்லி உட்கார்வாள், பிறகு மற்றவள். பதினான்கு வருஷம்! நினைத்துப் பாருங்கள். சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு அதுகூட எரியவில்லை. ஆரம்பத்தில் மிளகாய்ப் பட்டு ராத்திரியெல்லாம் எரிந்த கை, வருஷம் போகப் போக எரிவதை விட்டுவிட்டது. உள்ளேயும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று அவளே நினைத்துக்கொள்வாள். சுப்பையன் முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. கடைசிக் கவளச் சோற்றில் சீனி தூவிச் சாப்பிடுவான், அது மட்டும் ஞாபகம் இருந்தது.

இந்த மரத்துப்போன மனுஷியைக் கட்டிக்கொள்ள ஒருத்தர் ஆசைப்பட்டார் என்றால் நம்புவீர்களா? மருதமுத்து. சிஹாபுதீன் ராவுத்தர் கடை லோரி ஓட்டுகிறவர். பெண்சாதி செத்தவர். மிளகாய் மூட்டை இறக்க வருவார். ஐம்பதாம் வருஷம் ஒரு நாள், மூட்டை தோளில் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"சந்திரா, என்னைக் கட்டிக்கிறியா?"

"நான் இன்னொருத்தர் பொண்டாட்டி. பேரை எடுக்கட்டும். அப்புறம் கேளுங்க."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா இல்லே."

அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும், பேர் வாசித்த மறுநாள் திங்கட்கிழமை, வந்து நிற்பார். "எடுத்தாங்களா?" "இல்லே." "சரி." மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் விற்கிற மும்தாஜுக்குப் பொறுக்காது. "ஏன்டி, ரிஜிஸ்தர் ஆபீசு இருக்கு, நீ பாட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போடேன். யாரு புடிச்சு வெச்சிருக்கா உன்னை?" என்பாள்.

"வேற மதத்து ஆளைக் கட்டுனா சபை என்னை எப்படியும் தள்ளிடும், மும்தாஜ். அது பரவால்லே. ஆனா விதவையா முன்வாசல் வழியா போவேன். புருஷன் இருக்கையில ஓடிப்போனவள்னு பின்வாசல் வழியா போக மாட்டேன்."

திமிர்தான். ஆனால் அந்தத் திமிர் ஒன்றுதான் அவளுக்குச் சொந்தம்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் மெர்டேகா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரே கொண்டாடியது, தெருவெல்லாம் கொடி, வீட்டுக்கு வீடு விருந்து. சந்திரமதிக்கு அரைக்க வேண்டிய மசாலா மூன்று மடங்கானது, அவ்வளவுதான். அடுத்த மாதம் மருதமுத்து மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ராவுத்தர் குவாந்தான்ல கடை போடுறாரு. என்னை அங்க போகச் சொல்லிட்டாரு. ஜனவரி பத்தாம் தேதி கெளம்பணும். போனா திரும்ப வர்ற வேலை இல்லே."

"ம்."

"எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சு, சந்திரா. இந்த ஒரு வாட்டி கேப்பேன். அதுக்கப்புறம் கேக்க முடியாது."

அவர் போன பிறகு அவள் ஒரு கட்டி மஞ்சளை மூன்று முறை அரைத்தாள். அவர் முகத்தை இனிமேல் பார்க்கவே முடியாது என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் செய்யவில்லை, அடுத்த ஆளிடம் மீனுக்கா இறைச்சிக்கா என்று கேட்டாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மூவாரிலிருந்து வந்த ஒருவர் இறைச்சி மசாலா வாங்க நின்றார். வயது ஐம்பது இருக்கும், ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தார். மும்தாஜ் பக்கத்திலிருந்து, "சயாம் சந்திரா, இலை வேணுமா?" என்று கத்தினாள். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"சயாமா? யாரும்மா போனது?"

"எங்க வீட்டுக்காரரு. சுப்பையன்."

"காஜா பேராங் சுப்பையனா? ஜெபவீட்டு ஆளா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "கஞ்சிக்குச் சீனி கேப்பாரே, அவரா?"

சந்திரமதியின் கை அம்மிக் குழவியின்மேல் அப்படியே நின்றது.

அவர் பேர் ஜெயபாலன். எல்லாம் சொன்னார். சயாமில் காஞ்சனபுரி தாண்டி ஒரு காட்டுக் கொட்டகை. நாற்பத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில் வாந்திபேதி. சுப்பையன் திங்கட்கிழமை போனான். அவனோடு கூடவே இருந்த சேதுபதி புதன்கிழமை போனான். இரண்டு பேரையும் குழி வெட்டிப் புதைத்தது தான்தான் என்றார். கூட வெட்டியவர்களில் ஒருவரும் ஊர் வந்து சேரவில்லை.

"இதை ஏன் இத்தனை வருஷமா வந்து சொல்லலே நீங்க?" என்று கேட்டது மும்தாஜ்.

"சொல்லலியா? நாப்பத்தாறுலயே வந்து சொன்னேனே! அந்தப் பெரியவரு வீட்டுக்கே போனேன். பொன்னுதுரைன்னு பேரு. உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டாரு. உன்கூட வேற யாரு பாத்தான்னாரு. யாரும் உசிரோட இல்லேன்னேன். சரி போன்னு அனுப்பிட்டாரு. சொல்லிடுவாருன்னு நெனைச்சேன்மா, நான் என்னத்தக் கண்டேன்?"

அவள் அவருக்கு மசாலா மடித்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. ஆத்திரம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பதினோரு வருஷமும் சும்மா எழுந்து எழுந்து நின்றோம் என்று மட்டும் மனதில் ஓடியது, அதுவும் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் மூப்பர் வீட்டுக்குப் போனாள். அவர் முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். கமலவேணி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஜெபவீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஜெயபாலன்னு ஒருத்தரு வந்தாரு, மூப்பரய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மழுப்பவில்லை. மழுப்புகிற ஆளே இல்லையே!

"வந்தாரு. நாப்பத்தாறு ஏப்ரல்ல."

"எனக்குச் சொல்லலியே."

"ஒரு சாட்சிதான் இருந்துச்சு. ஒரு சாட்சியை வெச்சு ஒரு மனுஷனை நான் சாகடிக்க மாட்டேன். நீ வேற கல்யாணம் கட்டி, அவன் வந்து வாசல்ல நின்னா? அந்தப் பாவம் யார் தலையில?"

"அவரு வரலியே, ஐயா."

"வரலை." வேதத்தை மூடி வைத்தார். "என் வீட்டுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு வெச்சனா? அதே ஆளுதான் சேதுபதியையும் பொதைச்சேன்னு சொன்னான். என் மகளுக்கும் நான் சொல்லலை. மாசாமாசம் அவ புருஷன் சட்டையைத் தொவைச்சு இஸ்திரி போட்டு வெக்கிறா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து அவள் கேட்டதே இல்லை. "அவ தாங்க மாட்டா, சந்திரமதி."

வந்த வேகத்தில் அவளுக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன கேட்பாள்? வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தன் புருஷன் செத்தான் என்று சபையில் சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள். ஜெயபாலன் பேர் வரும், கூடவே சேதுபதி சாவும் வரும். மருதமுத்துவோடு போக வேண்டுமானால் கமலவேணியை உடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பதினான்கு வருஷமாகத் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை!

மூவாருக்கு ஆள் அனுப்பி, சாட்சி சொல்ல ஜெயபாலனைக் கூப்பிட்டாள். ஒருமுறை வந்து பட்டது போதும் என்று பதில் வந்தது. டிசம்பர் முழுக்க யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் முடிவுக்கு வந்தாள். சுப்பையனைப் பற்றி மட்டும் சொல்வது, எவ்வளவு கேட்டாலும் சேதுபதி பேரை எடுப்பதில்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி. ஆராதனை முடிந்தது. மூப்பர் பதிவேட்டைத் திறந்தார். "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கமலவேணி வழக்கம்போல அவள் கையைப் பிடித்தாள்.

"சுப்பையன்."

சந்திரமதி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"செத்துட்டாரு."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மூப்பர் தலை நிமிரவில்லை.

"சாட்சி?"

"பொதைச்சவரு ஒருத்தரு. அவரு சொன்னது உங்களுக்கே தெரியும்."

"ஒண்ணு போதாது."

"போதாதுன்னு தெரியும், ஐயா. ஆனா இனிமே காத்திருக்கிறேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். இந்த எடத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

மூப்பர் பேனாவைப் பிடித்தபடி அடுத்த பேருக்குப் போகவும் முடியாமல், கோடு போடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். சந்திரமதி உட்காரவில்லை. சாயங்காலம் வரை நின்றாலும் நிற்பது என்று நின்றாள்.

பக்கத்தில் கமலவேணி எழுந்தாள். அவள் புருஷன் பேரை இன்னும் வாசிக்கவில்லை.

"ரெண்டாவது ஆளு நான் இருக்கேன், அப்பா."

"கமலா, நீ உக்காரு."

"அந்த ஆளு வந்து உங்ககிட்ட சொன்னப்ப நான் உள்ளே கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். திங்கக்கெழம அவரு. புதன்கெழம இவரு. நான் அப்பவே கேட்டேன்."

சொல்லிவிட்டு நேரே முன்னால் நடந்து போனாள். அப்பாவின் விரலிலிருந்து பேனாவை எடுத்தாள். சுப்பையன் பேரில் ஒரு கோடு, சேதுபதி பேரில் ஒரு கோடு. மூப்பர் தடுக்கவில்லை. பதிவேட்டின்மேல் கையை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

சந்திரமதி ஜெபவீட்டின் முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். இந்த வருஷம் மருதமுத்து திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. சாலையோரம் லோரியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

"எடுத்தாங்களா?"

"எடுத்தாச்சு."

அத்தனை வருஷமாக அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுப் பழகியிருந்தார். "அப்ப போலாமா?" என்றார் மெதுவாக.

"எனக்கு மூணு நாளு வேணும். எம் புருஷன் செத்துப்போனாரு. நான் இன்னும் அழலே."

"சரி," என்றார் அவர். "வெள்ளிக்கெழம லோரி கெளம்புது."

"வியாழக்கெழம வர்றேன்."

வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தாள். செட்டிக் கம்பத்துப் பக்கம் ஒற்றை அறை வாடகை வீடு. அழலாம், இப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். அழுகைதான் வரவில்லை. சுப்பையனை நினைத்துப் பார்த்தாள். சீனி நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை. அந்தக் காட்டுக் கொட்டகையை நினைத்தாள், அதுவும் உறைக்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவருகே நிழல் தட்டியது. கமலவேணி. தலை கலைந்து, வெயிலில் செருப்பில்லாமல் வந்திருந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா."

"உனக்குத் தெரியும்," என்றாள் சந்திரமதி. "பதினோரு வருஷமா உனக்குத் தெரியும். சட்டைய வேற தொவைச்சு வெச்சிருக்க."

"அப்பாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு தொவைச்சேன்."

"அவருக்காகச் செஞ்ச, சரி. என்கிட்ட ஏன்டி சொல்லலே? பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே இருந்த? ஒரு வார்த்தை காதுல சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்ல? எனக்கு அப்ப இருபத்து நாலு வயசுடி!"

கமலவேணி நிலைப்படியில் நெற்றியைச் சாய்த்தாள்.

"நீ போயிருப்ப, அக்கா. அதான் சொல்லலே. நீ போயிட்டா, அவரு பேரை வாசிக்கிறப்ப நான் தனியா எந்திரிச்சு நிக்கணும்."

சந்திரமதி அவளைப் பார்த்தாள். எழுந்து ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. மூச்சு இழுத்தபோது அது விம்மலாகச் சத்தமாக வந்தது, தன் சத்தம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. பாயில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"உன்னை நான் மன்னிக்க மாட்டேன்," என்றாள். "வந்து உக்காரு."